மதினியோட கடைசி அரியர்

மதினியோட கெமிஸ்ட்ரி நோட்டு ஒண்ணு இன்னும் எங்க வீட்டு பீரோ மேல கெடக்கு. நீல அட்டை போட்ட நீட்டு நோட்டு. மூலையெல்லாம் சுருண்டு, நடுவுல ஒரு பக்கம் நல்லெண்ணெய் பட்டு கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. அந்தப் பக்கத்துல எழுதுனதையும் அதுக்குப் பின்னாடி எழுதுனதையும் ஒரே நேரத்துல பாக்கலாம், ரெண்டுமே புரியாது. முன்னாடியிருந்து பெரட்டுனா மதினி படிச்சது. பின்னாடியிருந்து பெரட்டுனா நான் கேட்டது. கடைசிப் பக்கத்துல முதல் கேள்வி இப்படி இருக்கும்: தண்ணியில இருக்குற ரெண்டுமே கேஸு, ஒண்ணு எரியும், இன்னொண்ணு எரிய வைக்கும், அப்ப தண்ணிய ஊத்துனா தீ ஏன் அணையுது? கீழ ஒரு கோடு. கோட்டுக்குக் கீழ விடை கிடையாது. "கொழுந்தன் கேட்டது"ன்னு எழுதி தேதி போட்டிருப்பாங்க, என்னமோ ஸ்டேஷன்ல புகார் வாங்கி வைக்கிற மாதிரி.

எனக்கும் கெமிஸ்ட்ரிக்கும் சொல்லிக்கிற மாதிரி ஒறவு கிடையாது. பன்னெண்டாவதுல அந்த ஒரு பேப்பர்லதான் தொங்குனேன். மறுபடி எழுதச் சொன்னாங்க, எழுதுறேன் எழுதுறேன்னு சொல்லிக்கிட்டே காளவாசல்ல ஒரு பேட்டரி கடையில சேந்துட்டேன். ஓனர் ஒரு பாய், தங்கமான மனுசன், நான் பண்ற லந்துக்கு வேற யாரா இருந்தாலும் மொத வாரமே விரட்டிருப்பாங்க. வண்டி பேட்டரிக்குத் தண்ணி ஊத்துறது, சார்ஜ் போடுறது, ஆசிட்டோட கனம் பாக்குறதுதான் நம்ம சோலி. என் சட்டையெல்லாம் பாத்தீங்கன்னா பொட்டு பொட்டா ஓட்டை இருக்கும். ஆசிட் தெறிச்சது அன்னைக்குத் தெரியாது, அம்மா தொவைச்சுப் போடும்போதுதான் ஓட்டையா விழும். அதனால எங்கம்மாவுக்கு கெமிஸ்ட்ரின்னாலே கோவம்.

மதினி எங்க அண்ணனக் கட்டிக்கிட்டு வில்லாபுரத்துக்கு வந்தப்ப ஒரு சூட்கேசு புடவை, ஒரு அட்டைப்பெட்டி புஸ்தகம், ஒரு அரியரோட வந்தாங்க. பிஎஸ்சி கெமிஸ்ட்ரி. மூணு வருஷத்துப் பேப்பரும் பாஸு, கடைசி வருஷத்துல நல்ல மார்க்கு. ஆனா மொத வருஷத்து ஆரம்பப் பேப்பரு ஒண்ணு மட்டும் நாலு தடவை எழுதியும் வரல. எனக்கு அப்பவே வெளங்கல, மேல்மாடி கட்டி முடிச்சவங்களுக்கு எப்படி வாசப்படி மட்டும் வராமப் போச்சு? அவங்களுக்கே வெளங்கல. இதுல என்னன்னா, அந்தப் பழைய பாடத்தையே எடுத்துட்டாங்களாம், அடுத்து வர்ற பரீச்சைதான் கடைசி. அதுலயும் போச்சுன்னா டிகிரியே கிடையாது, படிச்ச மூணு வருஷமும் கணக்குல வராது. காளவாசல் பக்கத்துல தண்ணி டெஸ்ட் பண்ற லேப் ஒண்ணுல, சர்ட்டிபிகேட்டோட வாம்மா, வேலை இருக்குன்னு சொல்லி வச்சிருந்தாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னது. எம்புட்டு நாளு ஒரு நாற்காலிய காலியா வச்சிருப்பாங்க?

மதினி படிக்கிறத நீங்க கேட்டிருக்கணும். சட்னி அரைக்கும்போது மிக்ஸி சத்தத்துக்கு மேல சத்தமா ஒப்பிப்பாங்க. எங்கயாவது தட்டிருச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து. என்னால ஒரு எடத்துல சும்மா இருக்க முடியாது, அதுவும் மதினிய வம்பிழுக்குறது கொழுந்தனுக்கு ஊரே குடுத்து வச்சிருக்குற உரிமை. ஒரு நாளு பல்லு வெளக்கிக்கிட்டே, "மதினி, இம்புட்டு நேரம் சாமிய நெனச்சு சொல்லிருந்தீங்கன்னா வரமே கெடைச்சிருக்கும்"ன்னேன். அவங்க திரும்பிப் பாத்து, புஸ்தகத்த எங்கிட்ட நீட்டி, "கொழுந்தனாரே, ரொம்ப வாய் பேசுறீங்கள்ல, இதப் பாத்து கேள்வி கேளுங்க பாப்போம்"ன்னாங்க. அங்கதான் ஆரம்பிச்சுச்சு. புஸ்தகத்துல இருந்த கேள்வி இங்கிலீஷ்ல இருந்துச்சு, எனக்கு வாயில நொழையல. அதனால நான் எனக்குத் தோணுனத கேட்டேன்.

மொத கேள்வி அந்தத் தண்ணி. ரெண்டாவது மோல். ஆறு போட்டு பின்னாடி இருபத்து மூணு சைபராம், அம்புட்டு துளி இருந்தா ஒரு மோலாம். யாரு எண்ணுனதுன்னு கேட்டேன். எண்ணும்போது நடுவுல தும்மல் வந்தா மறுபடி ஒண்ணுல இருந்தா எண்ணுவாங்க? மதினி சிரிக்கல. யாரும் எண்ணல, எடைய வச்சு கண்டுபுடிச்சதுன்னாங்க. எண்ணாம எப்படி எண்ணிக்கை வரும்னு நான் விடல. பெறகு கடையில உக்காந்திருக்கும்போது எனக்கே மண்டையில தட்டுச்சு. பாய் வாங்கிட்டு வர்ற நட்டு போல்ட்ட நாங்க என்னைக்கு எண்ணிருக்கோம்? பத்து நட்டு எம்புட்டு கனம்னு தெரியும், மூட்டைய தராசுல போட்டா எத்தனை நட்டுன்னு தெரிஞ்சுரும். வீட்டுக்கு வந்து சொன்னேன். மதினி கரண்டியோட திரும்புனாங்க. "இத எனக்கு யாருமே சொல்லல தம்பி"ன்னாங்க. கிண்டல் பண்ணும்போது கொழுந்தனாரு, நெசமா பேசும்போது தம்பி, அவங்க வழக்கம் அது.

அன்னைல இருந்துதான் நோட்டோட பின்பக்கம் எழுத ஆரம்பிச்சாங்க. சமன்பாடு போடும்போது ரெண்டு பக்கமும் சரியா வரணும்னாங்க, நான் தண்ணியோட H2O-வுல கடைசியில ஒரு சின்ன 2 சேத்து ஒரு நிமிஷத்துல சரி பண்ணிக் குடுத்தேன். மதினி தலையில கை வச்சுக்கிட்டாங்க. நான் மாத்தி எழுதுனது தண்ணியே இல்லையாம், புண்ணு கழுவுற மருந்தாம், தலையில போட்டா முடி செம்பட்டையாயிருமாம். ஒரு புள்ளி நம்பர் மாறுனதுக்கா இம்புட்டு கோவம்னு நெனச்சேன். பெறகு பந்திய வச்சு சொன்னாங்க. கறிவிருந்துல நூறு இலை போட்டாச்சு, முட்டை அறுபதுதான் இருக்கு, எத்தனை பேரு முட்டையோட சாப்பிட்டு எந்திரிப்பாங்க? அறுபது. இலை இன்னும் இருக்கேன்னு அழுதா முட்டை வராது. எங்க சித்தப்பா வந்தா ஒத்தை ஆளா ரெண்டு முட்டை எடுப்பாரே, அந்தக் கணக்கு எங்கன்னு கேட்டேன். அதுக்குத்தான் முட்டைக்கு முன்னாடி ரெண்டுன்னு பெருசா போட்டுக்கணும், சித்தப்பாவ வெட்டி ரெண்டாக்கக் கூடாதுன்னாங்க. அன்னைக்குத்தான் எனக்கு சமன்பாடு என்னன்னு புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. மறுநாள் மறந்துருச்சு, அது வேற.

ஆசிட்டுல மட்டும் நான் தோத்தா மானம் போயிரும்னு இருந்தேன், அது நம்ம ஏரியா. பேட்டரி ஆசிட் ஸ்ட்ராங்கா வீக்கான்னு மதினி கேட்டாங்க. பாதிக்கு மேல தண்ணிதான், அதனால மீடியம்னேன், டீக்கடையில சொல்ற மாதிரி. இல்லையாம். தண்ணி எம்புட்டு ஊத்துனாலும் அது ஸ்ட்ராங்குதானாம். வினிகர்ல இருக்குற ஆசிட்ட ஒரு சொட்டு தண்ணி கலக்காம வச்சாலும் வீக்குதானாம். தண்ணிக்குள்ள போயி எம்புட்டு ஒடையுதுங்குறதுதான் கணக்காம், எம்புட்டு இருக்குங்குறது இல்லையாம். நான் நாலு வருஷமா ஓட்டைச் சட்டையோட நிக்கிறேன், எங்கிட்டயே இப்படிச் சொல்றாங்க. பதிலுக்கு நான் அவங்க நேர்ல பாக்காத ஒண்ண சொன்னேன். ஆசிட்டுல தண்ணிய ஊத்துனா எப்படி சீறும்னு. அவங்க புஸ்தகத்துல படிச்சிருந்தாங்க, தண்ணியிலதான் ஆசிட்ட ஊத்தணும், மாத்திச் செய்யக்கூடாதுன்னு, கோடெல்லாம் போட்டு வச்சிருந்தாங்க. நான் மாத்திச் செஞ்சவன். வேலைக்குச் சேந்த மொத மாசம், பாய் தொழுகைக்குப் போன நேரம். மணிக்கட்டுல இருக்குற தழும்ப காட்டுனேன். மதினி அத தொட்டுப் பாத்துட்டு அந்த வரியில போட்டிருந்த கோட்ட இன்னொரு தடவை அழுத்திப் போட்டாங்க.

இன்னொண்ணு, ரெண்டு பக்கமும் சமமா ஆயி நின்னுபோற விசயம். நின்னுபோச்சுங்குறாங்க, அடுத்த வரியில நிக்கல, ரெண்டு பக்கமும் ஓடிக்கிட்டே இருக்குங்குறாங்க. நான் புஸ்தகத்த மூடிட்டேன், ஒண்ணு நின்னிருக்கணும், இல்ல ஓடணும். கொஞ்ச நாளு கழிச்சு காளவாசல் ஸ்டாப்புல டவுன் பஸ் வந்துச்சு, நாலு பேரு எறங்குனாங்க, நாலு பேரு ஏறுனாங்க, பஸ்ஸுல அதே கூட்டந்தான். வீட்டுல வந்து, "மூஞ்சி மாறுது மதினி, எண்ணிக்கை மாறல"ன்னேன். அதையும் எழுதிக்கிட்டாங்க. இப்படித்தான் போச்சு. நான் லந்து பண்றதா நெனச்சுக்கிட்டு இருந்தேன், அவங்க படிச்சுக்கிட்டு இருந்தாங்க. யாரு யாரக் கிண்டல் பண்ணதுன்னு இப்ப யோசிச்சாலும் கொழப்பமா இருக்கு.

அந்த எலக்ட்ரான் கேள்விய மட்டும் நான் கேட்டிருக்கக் கூடாது. மதினிக்கு அப்ப ஆறு மாசம். ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், சாப்பிட்டு முடிச்சு வட்டம் வட்டமா படம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. நடுவுல இருக்குறது பாசிட்டிவ், சுத்துறது நெகட்டிவ். அடப்பாவிகளா, இது நம்ம பேட்டரி கதையாச்சேன்னு எனக்கு ஒரே குஷி. பாசிட்டிவும் நெகட்டிவும் இழுத்துக்கும்ல, பெறகு சுத்துறது ஏன் நடுவுல போயி விழுகாம இருக்கு, யாரு புடிச்சு வச்சிருக்கான்னு கேட்டேன். மதினி சட்டுனு ஒரு பதில் சொன்னாங்க, புஸ்தகத்துல இருக்குற வரி. அது விழாது, அதுக்குன்னு பாதை இருக்கு. பாதை போட்டது யாருன்னேன். இன்னொரு வரி சொன்னாங்க. நான் அதுக்கும் ஏன்னேன். நாலாவது ஏனும் கேட்டேன். பென்சில கீழ வச்சாங்க. "இதுல எதுவுமே எனக்குத் தெரியாது தம்பி. எல்லாம் மனப்பாடம். அதான் நாலு தடவையும் வரல"ன்னாங்க. சாதாரணமாத்தான் சொன்னாங்க, அழுகையெல்லாம் இல்ல. ஆனா நோட்ட மூடி பீரோ மேல போட்டாங்க. அன்னைக்கு ராத்திரியும் எடுக்கல, மறுநாளும் எடுக்கல, சட்னி அரைக்கும்போது மிக்ஸி மட்டுந்தான் பேசுச்சு. எங்கம்மா, ஏண்டா புள்ளைய எதும் சொன்னியான்னு என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு. நான் என்னத்தச் சொல்ல, எலக்ட்ரான் ஏன் விழுகலன்னு கேட்டேன்னா?

நாலாம் நாளு கடைக்கு ஒரு காலேஜ் சாரு ஸ்கூட்டர் பேட்டரி மாத்த வந்தாரு. கெமிஸ்ட்ரி சாருன்னு தெரியும், பாய் சொல்லிருக்காரு. பேட்டரிய கையில வச்சுக்கிட்டு, மாட்டாமலே கேள்விய கேட்டேன். அவருக்கு கிளாஸுக்கு நேரமாச்சு, வாட்ச்ச பாக்குறாரு. மாட்டுப்பா மாட்டுப்பான்னாரு. சொல்லுங்க சார் மாட்டுறேன்னேன். பாய் என்னைய மொறைக்கிறாரு. அந்த சாரு கடைசில சிரிச்சுட்டாரு. மொதல்ல யோசிச்சவங்களே அது விழாதுன்னு வச்சுக்கிட்டுத்தான் மேல போனாங்களாம், ஏன் விழாதுங்குறதுக்குப் பின்னாடி வந்தவங்க வேற கணக்கு போட்டாங்களாம், அந்தக் கணக்க காலேஜ்லயே கடைசி வருஷத்துலதான் லேசாத் தொடுவாங்களாம். "மொத வருஷத்துப் புள்ளை இந்த எடத்துல கொழம்புனா அது சரியாத்தான் படிக்குதுன்னு அர்த்தம்பா. இப்ப மாட்டுறியா?"ன்னாரு. மாட்டிவிட்டேன், ஆப்பசோடா போட்டு கம்பி மாட்டுற டெர்மினல் எல்லாம் பளபளன்னு கழுவி விட்டேன்.

மதினிகிட்ட ஒரு வார்த்தை விடாம சொன்னேன். கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. ஆனா மறுநாள் காலையில மிக்ஸியோட சேந்து சத்தம் கேட்டுச்சு. இந்தத் தடவை ஒப்பிக்கல. தனக்குத்தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லி, தானே "இல்லையே"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பாவம், என்னைய மாதிரியே ஆயிட்டாங்கன்னு நெனச்சேன்.

அப்பத்தான் பரீச்சை அட்டவணை வந்துச்சு. பாத்தா, நம்ம பேப்பர் அன்னைக்கே வளைகாப்பு. எங்கம்மா ஏழாம் மாசத்துல நாளு பாத்து, சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லி, சமையலுக்கு ஆளும் வச்சாச்சு. எட்டாம் மாசம் ஆகாது. ஒம்போதாம் மாசம்னா வயித்தத் தூக்கிக்கிட்டு வண்டியில போக முடியாது. காலையில பத்தரைக்கு வளையல், பரீச்சை மத்தியானம் ரெண்டு மணிக்கு, அதுக்குள்ள முடிஞ்சுருமேன்னு நான் சொன்னேன். முடியும், ஆனா எங்க வீட்டு வழக்கப்படி வளையல் போட்டுட்டா நேரா பொறந்த வீட்டுக்குப் போயிரணும், வழியில எங்கயும் வண்டிய நிறுத்தக்கூடாது. மதினி பக்குவமாத்தான் சொல்லிப் பாத்தாங்க, இதுதான் கடைசித் தடவைன்னு. எங்க வீட்டுல யாருக்கும் அது ஏறல. அரியர்னா எப்ப வேணா எழுதுறதுதானேன்னு அண்ணே சொல்லிட்டு கேரளாவுக்கு லாரியில லோடு ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. "புள்ளைய விட பரீச்சை பெருசா?"ன்னு எங்கம்மா நாலு பொம்பளைங்க முன்னாடி கேட்டுச்சு.  மதினி எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. ஆனா படிக்கிறத நிறுத்தல. எழுதப் போறதில்லன்னு தெரிஞ்சும் ஒருத்தரு எதுக்குப் படிக்கணும்? அதுவும் எனக்கு வெளங்கல.

மதினிக்கு ஊரு செக்கானூரணி பக்கம். வில்லாபுரத்துல இருந்து போனா காளவாசல் தாண்டி அந்த ரோட்டுலதான் போகணும், பரீச்சை எழுதுற காலேஜும் அதே ரோட்டுலதான் இருக்கு. வண்டி பாயோட வேனு, பேட்டரி ஏத்துறது. டிரைவர் நானு. இதையெல்லாம் ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா வச்சுப் பாத்தப்ப எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. வண்டிய நாமளா நிறுத்தக்கூடாதுன்னுதானே வழக்கம், வண்டி தானா நின்னா? யாருகிட்டயும் சொல்லல. அன்னைக்குக் காலையில பந்தல்ல கூட்டத்துக்கு நடுவுல மதினிக்கு சந்தனம் பூச வரிசையில நின்னு, என் முறை வந்தப்ப காதுகிட்ட குனிஞ்சு, "ஹால் டிக்கெட்ட கைப்பையில வச்சுக்கங்க மதினி, வண்டிக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்"ன்னேன். ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். மதினி என்னைய நிமுந்து பாத்தாங்க. அந்த மொகத்த என்னால சொல்லத் தெரியல.

வேன்ல மதினி, அவங்க அப்பா அம்மா, எங்கம்மா, ரெண்டு பெரியம்மா. பின்னாடி அஞ்சு தூக்குவாளி சோறு. காலேஜ் கேட்டுக்கு எதுத்தாப்புல வந்ததும் கிளட்ச்ச சட்டுனு விட்டேன், வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஆப் ஆயிருச்சு. என்னடா ஆச்சுன்னு எங்கம்மா கேட்டுச்சு. பாக்குறேன்னு சீட்டத் தூக்கி, பேட்டரியில இருந்து நெகட்டிவ் கம்பிய கழட்டி உள்ள தள்ளிவிட்டேன். பெறகு சாவி போட்டா ஹார்ன்கூட அடிக்காது. மணி ஒண்ணரை. பாத்ரூம் போயிட்டு வாரேன்னு மதினி எறங்குனாங்க. கைப்பைய எடுத்துக்கிட்டு, புதுப் புடவையும் மாலையுமா கேட்டுக்குள்ள போனாங்க. அவங்கம்மா கூடப் போக எந்திரிச்சாங்க. எங்கம்மா அவங்க கையப் புடிச்சு, நீங்க ஒக்காருங்க சம்பந்தி, நேத்துல இருந்து நின்னுக்கிட்டே இருக்கீகன்னு உக்கார வச்சுருச்சு. நல்ல நேரத்துல நம்ம அம்மா ஒபசாரம் பண்ணுதேன்னு சந்தோஷப்பட்டேன்.

மூணு மணி நேரம்னா எம்புட்டு நீளம்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். புளியமரத்தடியில எல்லாரும் உக்காந்தாங்க. நான் ஸ்பேனர எடுக்குறேன், வைக்கிறேன், வண்டிக்கு அடியில படுக்குறேன், எந்திரிக்கிறேன். மதினியோட அப்பா பக்கத்துல வந்து, "மாப்ள, பேட்டரி கடையில வேலை பாத்துக்கிட்டு பேட்டரி போச்சுன்னு நிக்கிறீகளே"ன்னாரு. டாக்டருக்கு காய்ச்சல் வர்றதில்லையா மாமான்னேன். மக எங்கன்னு கேட்டாரு. உள்ள தெரிஞ்ச டீச்சரம்மா பாத்து காத்தாடிக்குக் கீழ உக்கார வச்சிருக்காங்களாம்னு ஒரு பொய்ய விட்டேன். மூணு மணிக்கு மேல ஒரு பெரிய சோதனை வந்துச்சு. அவங்க ஊருக்காரரு ஒருத்தரு காலி வேன ஓட்டிக்கிட்டு அந்த வழியா வந்தாரு. மாமா கை காட்டி நிறுத்திட்டாரு. எல்லாரும் இதுல ஏறிருவோம், புள்ளைய கூப்பிடுங்கன்னு தூக்குவாளியக்கூட எடுத்துட்டாரு.  எங்கம்மா எந்திரிக்கவே இல்ல. தயிர்சாதத்த பெசஞ்சுக்கிட்டே, "வளையல் போட்ட புள்ளைய ஏத்துன வண்டிய நடுவுல மாத்தக்கூடாதுண்ணே. அது எங்க பக்கத்து வழக்கம்"ன்னுச்சு. மாமா வாளிய கீழ வச்சாரு. மாப்பிள்ளை வீட்டு வழக்கம்னா அவரு என்ன பேச முடியும்? காலி வேன் போயிருச்சு. இப்படி ஒரு வழக்கத்த நான் பொறந்ததுல இருந்து கேட்டதில்லையேன்னு அந்தப் பதட்டத்துலயும் எனக்கு ஒரு கொழப்பம்.

அஞ்சு மணி தாண்டி மதினி வந்தாங்க. மாலைய காணோம், வெரல்ல மை. அவங்கம்மா, இம்புட்டு நேரம் உள்ள என்னம்மா பண்ணுனன்னு கேட்டாங்க, கிறுகிறுன்னு வந்துச்சு உக்காந்துட்டேன்னாங்க. நான் கம்பிய மாட்டுனேன், ஒத்தச் சாவியில வண்டி கெளம்புச்சு. டெர்மினல்ல பச்சை பூத்திருந்துச்சு மாமான்னேன். வழி முழுக்க கண்ணாடியில மதினிய பாக்குறேன், ஒண்ணுமே தெரியல. ஊருல எறக்கிவிட்டுட்டு கெளம்பும்போதுதான் ஜன்னல்கிட்ட வந்தாங்க. வளையல் சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சாம், பக்கத்துப் புள்ளைங்களுக்குத் தொந்தரவுன்னு ரெண்டு கைக்கும் கைக்குட்டைய சுத்திக்கிட்டு எழுதுனாங்களாம். எப்படின்னு கேட்டேன். "படிச்சதுல பாதி வரல தம்பி. சமமா நிக்கிறத வெளக்கச் சொல்லியிருந்தான். புஸ்தக வரி மறந்துருச்சு, அதான் காளவாசல் பஸ்ஸ எழுதிட்டேன்"ன்னாங்க.  மூணு வருஷப் படிப்பு என்னோட டவுன் பஸ்ஸுல தொங்குது.

ரிசல்ட் வந்தப்ப பாப்பா பொறந்து நாப்பது நாளு. மதினி நம்பர சொல்ல, கடையில வச்சு போன்ல போட்டேன். வட்டம் சுத்துது, சுத்துது. பாயும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு எட்டிப் பாக்குறாரு. நாப்பது எடுத்தா பாஸு. நாப்பத்தொண்ணுன்னு வந்துச்சு. பஸ்ஸுக்கு மார்க் போட்டாங்களா, பஸ் இல்லாம வந்த மார்க்கா, அது எந்தக் காலத்துலயும் தெரியப் போறதில்ல. மதினிக்குச் சொன்னேன். போன்ல ரெண்டு அழுகை கேட்டுச்சு, ஒண்ணு பாப்பாவோடது.

இப்ப மதினி அந்தத் தண்ணி லேப்புக்குத்தான் போறாங்க. பாப்பாவுக்கு ரெண்டு வயசாச்சு, எதக் கண்டாலும் ஏன் ஏன்னு கேக்குது, அதுக்கு நான்தான் காரணம்னு வீட்டுல சொல்றாங்க. தண்ணிய ஊத்துனா தீ ஏன் அணையுதுங்குறதுக்கு மதினி போன மாசம் விடை சொன்னாங்க. எரிஞ்சு முடிஞ்ச பெறகு மிஞ்சுறதுதானாம் தண்ணி, மறுபடி எரிய அதுல ஒண்ணும் இல்லையாம், சூட்டையும் குடிச்சுருமாம். சரின்னு தலையாட்டுனேன். பாதி புரிஞ்சுச்சு.

எனக்கு இன்னும் கொழப்பமா இருக்குறது கெமிஸ்ட்ரி இல்ல, ரிசல்ட் வந்த அன்னைக்கு சாயங்காலம் நடந்தது. வீட்டுக்கு ஓடுனேன். எங்கம்மா முருங்கைக் கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மதினி பாஸுன்னேன்.

"எம்புட்டு?"

"நாப்பத்தொண்ணும்மா."

"எம்புட்டுக்கு?"

"நூத்துக்கு."

அம்மா காம்ப மொறத்துல போட்டுட்டு என்னைய ஏற எறங்கப் பாத்துச்சு. "நாப்பத்தொண்ணுக்காடா கம்பியக் கழட்டிப் போட்டுட்டு எங்கள மூணு மணி நேரம் ரோட்டுல உக்கார வச்ச?"

 இம்புட்டு நாளா நான் ஒருத்தந்தான் கெட்டிக்காரன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். நடுவுல வண்டிய மாத்தக்கூடாதுங்குற வழக்கம் எந்த ஊருல இருக்குன்னு கேட்டேன்.

"தள்ளு, கீரைய அடுப்புல வைக்கணும்"ன்னுட்டு மொறத்த எடுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு.